மருந்து கண்ட மாணவர் டாக்டர் சுப்பாராவ்

வாரத்தில் ஒரு நாள் மதிய உணவுக்குப் பின் வகுப்பில் வழங்கப்படும் நீல நிற மாத்திரையை நாம் எல்லோரும் அறிவோம். அரசுப் பள்ளியானாலும் அரசு உதவிபெறும் பள்ளியானாலும் வளரும் பெண்களுக்கு அது உண்டு. சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்குகிறோம். ஒரு சிலர் ஆசிரியை திரும்பிப் பார்ப்பதற்குள் பையில் போட்டுக்கொள்வதும் உண்டு! இரும்புச்சத்து மாத்திரை என்றே அதைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அதில் இரும்பு மட்டும் இல்லை. ஃபோலிக் அமிலம் என்ற மஞ்சள் நிறப் பொருளும் அரை மில்லிகிராம் சேர்ந்திருக்கிறது. இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் செம்மையாக உருவாக இரும்பைப் போலவே அதுவும் தேவை. அந்த அரை மில்லிகிராம் நம் கைக்கு வந்து சேர்வதற்கு வழி செய்தவர்களுள் முதன்மையான ஒருவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். தேர்வில் இருமுறை தவறியவர். டாக்டர் பட்டம் முழுமையாகக் கிடைக்காமல் கல்லூரியை விட்டு வெளியேறியவர். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பீமவரத்தில் பிறந்தார். இன்று அது ஆந்திர மாநிலத்தில் இருக்கிறது. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை ஜகந்நாதம், தாய் வெங்கம்மா. தந்தையார் உடல்நலம் குன்றி வேலையை விட்டுச் சீக்கிரமே ஓய்வு பெற்றதால் ஏழு பிள்ளைகளைக் கொண்ட அந்தக் குடும்பம் வறுமையில் வாடியது. சிறுவன் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டம் இல்லை. பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடிக் காசிக்குப் போய், அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரும் பணக்காரனாகிவிடலாம் என்று திட்டமிட்டானாம்! நல்லவேளையாகத் தாயார் விடவில்லை. பிடித்து இழுத்து வந்து மீண்டும் பள்ளியில் உட்கார வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோல்வி. சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து மூன்றாம் முறையாக எழுதித் தேறினார். 1913-இல் தந்தை காலமானார். மகனுடைய படிப்புக்காக அந்தத் தாய் தம் தாலியையும் விற்றார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு படிக்கும்போது அவருடைய மனம் துறவை நாடியது. ராமகிருஷ்ண மடத்துத் துறவியரை அணுகித் தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டினார். தாயின் சம்மதம் இல்லாமல் சேர்க்க இயலாது என்று அவர்கள் மறுத்தனர். மருத்துவம் பயின்றால் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யலாமே என்று வழியும் காட்டினர். இவ்வாறு 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அடியெடுத்து வைத்தார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரில், நாம் பேருந்தில் போகும்போதெல்லாம் காணும் அதே கல்லூரிதான். செலவுக்கு நண்பர்கள் உதவினர். பின்னர் 1919-இல் சேஷகிரி என்ற பெண்ணை மணந்தபோது, மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி படிப்புச் செலவை ஏற்றுக்கொண்டார்.

காந்தியடிகள் அன்னியத் துணியை விலக்குமாறு நாட்டைக் கேட்டுக்கொண்ட காலம் அது. சுப்பாராவ் கதரில் தைத்த மேலங்கியை அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரான பிராட்ஃபீல்டு என்ற ஆங்கிலேயருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை எல்லாம் நன்றாக எழுதியிருந்தும், 1921-இல் அவருக்குக் கிடைத்தது எம்.பி.பி.எஸ். பட்டம் அல்ல, அதற்குக் கீழ்ப்பட்டதாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே. ஒரு கதர் அங்கிக்காக இவ்வளவு விலையா என்று நமக்குத் தோன்றலாம். சென்னை மருத்துவப் பணியிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இந்தச் சான்றிதழின் குறை கடல் கடந்தும் அவரைத் தொடர்ந்தது.

இதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. அவருடைய உடன்பிறந்தார் இருவர் ஸ்ப்ரூ என்ற வெப்பமண்டல நோயால் அடுத்தடுத்து மாண்டனர். நாட்டு வைத்தியத்தில் கிராணி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது இந்நோய். குடல் உணவின் சத்தை ஏற்க மறுக்கும், ஓயாத வயிற்றுப்போக்கால் உடல் வற்றும், நாக்கு வெந்து புண்ணாகும், இரத்தம் வெளிறும். அந்நாளில் ஆங்கில மருத்துவத்தில் இதற்கு மருந்து இல்லை. மருத்துவம் படித்த அண்ணனோ தம்பியோ வீட்டில் இருந்தும் பயனில்லை என்றால் அந்த மனம் என்ன பாடுபட்டிருக்கும்! சுப்பாராவையும் அதே நோய் பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் அவர் பிழைத்தெழுந்தார். அவருடைய ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் ஆசிரியராகவும் சேர்ந்தார். பழைய மருந்துகளில் எது, எதனால் குணம் தருகிறது என்று சோதித்தறியும் ஆவல் அங்கேதான் வேர்விட்டது. அதற்கான ஆய்வுக்கூடம் இங்கே இல்லை. காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையம் கொடுத்த உதவியும் மாமனார் கொடுத்த பணமும் சேர, 1923-இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கருவுற்றிருந்த மனைவி ஊரில் இருந்தார்.

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் அவர் சேர்ந்தார். கையில் இருந்தது சொற்பத் தொகை. நம் நாட்டு எல்.எம்.எஸ். சான்றிதழுக்கு அங்கே மதிப்பில்லாததால் மருத்துவமனையில் டாக்டராக வேலை பார்க்க வழியில்லை. எனவே பீட்டர் பென்ட் பிரிகாம் என்ற மருத்துவமனையில் இரவு நேர ஊழியராகச் சேர்ந்தார். நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவி வைப்பதே அவருடைய வேலை. இரவெல்லாம் அந்தப் பணி, பகலெல்லாம் வகுப்பு. ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்று ஆண் குழந்தை பிறந்த செய்தியைக் கொண்டுவந்தது. சில மாதங்களில் அக்குழந்தை இறந்துபோன செய்தியும் வந்தது. 1924-இல் பட்டயம் பெற்ற சுப்பாராவ் ஊர் திரும்பவில்லை. ஓட்டோ ஃபோலின் என்ற பேரறிஞர் தலைமை வகித்த உயிர்வேதியியல் துறையில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29.

அங்கே சைரஸ் ஃபிஸ்கே என்ற ஆசிரியரின் கீழ் அவருக்குக் கிடைத்த முதல் பணி பார்வைக்கு மிகச் சாதாரணமானது. இரத்தத்திலும் சிறுநீரிலும் எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று அளக்க எளிய முறை ஒன்று கண்டுபிடிக்க வேண்டும். பாஸ்பரஸ் நமக்குப் புதிதன்று. நம் மணலி உரத் தொழிற்சாலையின் மூட்டைகளில் மூன்று எண்கள் அச்சிட்டிருக்குமே, அவற்றுள் நடுவில் நிற்பது மணிச்சத்தின் அளவு. மணிச்சத்து என்பது பாஸ்பரஸ்தான். பயிருக்கு வேண்டிய அதே சத்து நம் எலும்பிலும் தசையிலும் இரத்தத்திலும் இருக்கிறது. மேல்வகுப்பு மாணவியர் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பாஸ்பேட் உப்பைக் கண்டறிய அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்து, மஞ்சள் வீழ்படிவு வருகிறதா என்று பார்ப்பார்கள். ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அந்த மாலிப்டேட்டையே எடுத்துக்கொண்டனர். அதனுடன் வேறொரு வேதிப்பொருளைச் சேர்த்து ஒடுக்கும்போது கரைசல் நீலமாக மாறும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். அளவு தெரிந்த ஒரு கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். 1925-இல் இம்முறை வெளியாயிற்று. ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவி, பல தலைமுறை மாணவர்கள் அதைக் கற்றனர்.

ஒரு மாணவரின் கண் எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்கு அடுத்து நடந்ததே சாட்சி. தசையை அரைத்து வடித்த சாற்றில் இதே சோதனையைச் செய்தபோது நீலம் உடனே வரவில்லை. மெல்ல மெல்லத் தோன்றி, நேரம் செல்லச் செல்ல அடர்த்தியாயிற்று. மருந்து பழையதாகிவிட்டது, கண்ணாடிக் குழாய் சரியாகக் கழுவப்படவில்லை என்று நாமாக இருந்தால் சொல்லியிருப்போம். அவசரக்காரர் எவரும் கடைசி நிறத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார். இவர்களோ அந்தத் தாமதம் ஏன் என்று கேட்டனர். தசையில் பாஸ்பரஸ் தனியாக இல்லாமல் வேறொன்றோடு பிணைந்திருக்கிறது, சோதனையில் சேர்க்கும் அமிலம் அந்தப் பிணைப்பை மெதுவாக உடைப்பதால்தான் நிறம் தாமதமாக வருகிறது என்று கண்டனர். அந்தப் பொருள்தான் பாஸ்போகிரியாட்டின். தசை உழைக்கும்போது அது குறைகிறது. ஓய்வெடுக்கும்போது மீண்டும் சேர்கிறது. 1927-இல் இதனை வெளியிட்டனர். ஏறத்தாழ அதே வேளையில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இப்பொருளைக் கண்டிருந்தனர். தசை லாக்டிக் அமிலத்தால்தான் இயங்குகிறது என்ற கருத்து அதுவரை கோலோச்சி வந்தது. அக்கருத்தோடு சேர்ந்த ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாஃப் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசே பெற்றிருந்தனர். தாமதித்து வந்த ஒரு நீல நிறம் அந்தக் கருத்தை அசைத்துவிட்டது.

1929-இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்ற பொருளையும் இவ்விருவரும் பிரித்தெடுத்தனர். ஜெர்மனியில் கார்ல் லோமான் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டார். உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று நம் உயிரியல் பாடநூல் சொல்லும் அதே ஏ.டி.பி.தான். நாம் எழுதுவதும் ஓடுவதும் இமைப்பதும் அதைச் செலவிட்டே. 1930-இல் சுப்பாராவுக்கு முனைவர் பட்டம் கிடைத்தது.

படிக்கும்போதே பெரிய உண்மைகளைக் கண்டவர்கள் மருத்துவ வரலாற்றில் இன்னும் சிலர் உண்டு. கணையத்தில் தீவுகள்போல் சிதறிக் கிடக்கும் அணுக்கூட்டங்களை 1869-இல் முதலில் விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது பெர்லினில் மருத்துவ மாணவர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஆராய்ச்சிக்கு 1916-இல் வித்திட்ட ஜே மக்லீனும் அமெரிக்காவில் மருத்துவ மாணவரே. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் மருத்துவ மாணவருக்கென ஒரு குறுகிய காலத் திட்டத்தைத் தொடங்கிற்று. எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே ஓர் ஆசிரியரின் மேற்பார்வையில் இரண்டு மாதம் ஒரு சிறு ஆராய்ச்சி செய்து அறிக்கை தரலாம். உதவித் தொகையும் உண்டு. டாக்டராக வேண்டும் என்று கனவு காணும் தோழியர் இதை அறிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஊசி போடுவதும் மருந்துச் சீட்டு எழுதுவதும் மட்டுமே மருத்துவம் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

சுப்பாராவ் கதைக்குத் திரும்புவோம். ஹார்வர்டில் அவர் நிரந்தரப் பேராசிரியராக ஆக முடியவில்லை. அவருடைய மனமோ வேறொன்றில் இருந்தது. கொடிய இரத்தசோகை நோயாளிகளுக்கு ஆட்டீரல், மாட்டீரல் கொடுத்தால் குணமாகிறது என்பதை 1926-இல் அதே பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் மைனாட்டும் மர்ஃபியும் காட்டியிருந்தனர். ஈரலில் உள்ள எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது? சுப்பாராவ் ஈரல் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தேடலானார். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் இரத்தம் வெளிறுமே என்ற நினைவு அவரை விட்டு நீங்கியிருக்காது.

இதே தேடலை நம் நாட்டில் ஒரு பெண்மணி செய்துகொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்லாமல் போனால் அது பெரிய குறையாகும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகையால் மடிவதைக் கண்டு காரணத்தைத் தேடினார். ஈஸ்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான உணவுப் பொருளைக் கொடுத்ததும் அப்பெண்கள் தேறினர். குன்னூரிலும் அவர் பணியாற்றினார். 1931-இல் சென்னையில், திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மருத்துவமனையிலும் பணியாற்றினார். சுப்பாராவ் மூன்றாம் முறை எழுதித் தேறிய பள்ளியும் அதே திருவல்லிக்கேணிதான். ஈஸ்டில் இருந்த அந்தப் பொருளை வில்ஸ் காரணி என்றே அறிவுலகம் அழைத்தது. 1941-இல் வேறு சில அமெரிக்க அறிஞர்கள் டன் கணக்கில் பசலைக்கீரையைப் பிழிந்து ஒரு பொருளைப் பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். ஈஸ்டில் இருந்ததும் ஈரலில் இருந்ததும் கீரையில் இருந்ததும் ஒன்றே எனப் பின்னர் தெளிவாயிற்று.

1940-இல் சுப்பாராவ் நியூயார்க்குக்கு அருகில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, பின்பு அதன் ஆராய்ச்சிப் பிரிவு முழுவதற்கும் இயக்குநரானார். இப்போது அவர் தனி மனிதர் அல்லர். பல துறை அறிஞர்களை ஒரே கூரையின்கீழ் வேலை வாங்கும் தலைவர். கீரையையும் ஈரலையும் நம்பியிருந்தால் ஒரு சிமிழ் மருந்துக்கு ஒரு வண்டிச் சரக்கு வேண்டும். எனவே அந்த அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்யும் வழியைத் தேடி, 1945-இல் அவருடைய குழுவினர் வெற்றி கண்டனர். டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க டாக்டர் கியூபா நாட்டில் ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார். வெளிறிய இரத்தம் சிவந்தது. நாக்குப் புண் ஆறியது. உணவு உடம்பில் ஒட்டியது. சுப்பாராவின் சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு அவருடைய கூடத்திலிருந்தே மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அவர் தேடப் புறப்பட்டது கொடிய இரத்தசோகைக்கான மருந்தை. அது ஃபோலிக் அமிலம் அன்று. அது பி12 என்ற வேறொரு உயிர்ச்சத்து என்பதை 1948-இல் மற்றவர்கள் கண்டனர். ஆராய்ச்சியில் இப்படித் தேடியது ஒன்றும் கிடைத்தது ஒன்றுமாவது உண்டு.

கிடைத்த ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதிலாக விரைந்து பெருகியது போலத் தோன்றிற்று. அப்படியானால் புற்றணுக்களுக்கு இதுவே உணவு. உணவைத் தடுத்தால் என்ன? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் இடத்தில் புகுந்துகொண்டு, அதன் வேலையைச் செய்யாமல் ஏமாற்றும் பொருள்களைச் சுப்பாராவின் குழுவினர் செய்து கொடுத்தனர். பூட்டுக்குள் நுழைந்து திறக்காமல் அடைத்துக்கொள்ளும் கள்ளச் சாவி போன்றவை அவை. அமினோப்டெரின் என்ற அம்மருந்தை ஃபார்பர் 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது. 1948 ஜூனில் இந்த முடிவு வெளியாயிற்று. அந்தத் தணிவு சில மாதங்களே நீடித்தது. நோய் மீண்டும் திரும்பியது. ஆனாலும் அதுவரை எந்த மருந்துக்கும் அசையாத நோய் முதன்முறையாக அசைந்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் இன்றளவும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் முடக்கு வாதத்துக்கும் உலகெங்கும் பயன்படுகிறது. இன்று உரிய சிகிச்சை பெறும் குழந்தைகளில் பெரும்பாலோர் இந்நோயிலிருந்து பிழைத்து எழுகின்றனர்.

வடசென்னையில் வாழும் நமக்கு இவருடைய மற்றொரு மருந்து இன்னும் நெருக்கமானது. தேங்கிய சாக்கடை நீரும் கொசுவும் நமக்குப் பழகிப்போனவை. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் குடியிருப்போரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். அத்தகைய அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் யானைக்கால் நோயைப் பரப்புவது. நோய்ப் புழுவின் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் பதுங்கி, இரவில்தான் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்துக்கு வரும். அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடு தேடி வந்து விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார்கள். அந்தக் குஞ்சுகளைக் கொல்லும் ஹெட்ரசான் என்ற மருந்தை 1947-இல் சுப்பாராவின் கூடம் வெளியிட்டது. டி.இ.சி. மாத்திரை என்று நம் ஊர்ச் செவிலியர் சொல்வது இதுவே. வீங்கிப் பருத்த காலை அது பழைய நிலைக்குக் கொண்டுவராது. ஆனால் ஒருவர் உடலில் இருந்து அடுத்தவருக்குக் கொசு புழுவைக் கொண்டுசெல்லாதபடி தடுக்கும். 2004-இலிருந்து நாடு தழுவிய அளவில், நோயில்லாதவருக்கும் சேர்த்து ஆண்டுக்கொருமுறை இதை வழங்கும் திட்டம் நடந்தது.

ஆரியோமைசின் என்ற நோய்க்கொல்லி மருந்தும் அவருடைய இயக்கத்தில்தான் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தில் அதுவே மூத்தது. எழுபது வயதைக் கடந்த பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் அறிஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்தார். கண்டவர் பெயரையே முன்னிறுத்தி, தம் பெயரைப் பின்னால் வைத்துக்கொள்வது சுப்பாராவின் வழக்கம். பல கண்டுபிடிப்புகளில் அவருடைய பெயரையே காணோம். நம் நாட்டில்கூட அவரைப் பலர் அறியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1948 ஆகஸ்டில் ஒரு நாள் காலை அவர் உறக்கத்திலிருந்து எழவில்லை. மாரடைப்பு என்றனர். வயது 53. ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதமே ஆகியிருந்தது. லெடர்லியின் அறிஞர்கள் ஒரு பூஞ்சைக்கு அவர் பெயரால் சுப்பரோமைசிஸ் என்று பெயர் சூட்டினர். 1995-இல் நூற்றாண்டை ஒட்டி இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் சேஷகிரி அம்மையாருக்கு ஒதுக்கப்பட்ட வரிகள் மிகச் சிலவே. அவர் கண்ட மருந்துகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவோர் இந்த அம்மையாரைப் பற்றி ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்கின்றனர். அந்தப் படிப்புக்குப் பணம் வந்தது அவருடைய பிறந்த வீட்டிலிருந்து. குழந்தையைப் பெற்றதும் இழந்ததும் கணவர் அருகில் இல்லாமலே. 1923-இல் கப்பலேறிய கணவரை அதன்பின் அவர் காணவே இல்லை.